அறை வாடகைக்குள் மேசையும் மின்சாரமும் இணைப்பும் அடங்க வேண்டும்

தமிழ்நாட்டில் லாட்ஜ், ஓட்டல் நடத்தும் உரிமையாளர்களுக்கும், அவர்களுடைய சங்கங்களின் நிர்வாகிகளுக்கும்,

நான் வழக்கமாகத் தங்கும் ஒரு லாட்ஜில், அறைகளைப் புதுப்பித்துத் திறந்த கையோடு, ஒவ்வொரு கதவின் உட்பக்கமும் ஒரு அறிவிப்பை ஒட்டியிருக்கிறார்கள். “லேப்டாப் சார்ஜ் செய்ய நாள் ஒன்றுக்கு ரூ.100 தனிக்கட்டணம். வைஃபை ஒரு அறைக்கு ஒரு செல்போனுக்கு மட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பயன்படுத்தக் கூடாது.” கொங்குப் பக்கத்து ஊர் அது. லாட்ஜின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த ஒரு லாட்ஜோடு மட்டும் தீர்கிற வழக்கு இல்லை இது. மேனேஜரிடம் கேட்டதற்கு, “ஓனருங்க எல்லாம் பேசித்தான் மேடம் முடிவு பண்ணியிருக்காங்க, இனிமே எல்லா லாட்ஜ்லயும் இப்படித்தான் வரும்” என்றார். அப்படி ஒரு முடிவை எடுத்திருந்தால் அதைத் திரும்பப் பெறுங்கள். இனிமேல்தான் எடுக்கப்போகிறீர்கள் என்றால் எடுக்காதீர்கள். இந்த மடலை எழுதுவதே அதற்காகத்தான்.

நான் வரிக்கணக்கு பார்ப்பவள். மதுரையில் வீடு. கரூரில் ஜவுளி ஏற்றுமதி செய்பவர்கள், சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவர்கள், நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுபவர்கள் என்று என் கட்சிக்காரர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். பகலில் அவர்கள் கடையில், ஆபீசில் உட்கார்ந்து பில்களைச் சரிபார்ப்பேன். இரவில் லாட்ஜ் அறைக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால்தான் என் வேலை முடியும். என்னைப் போல எத்தனையோ பேர் உங்கள் வாடிக்கையாளர்கள். மெடிக்கல் ரெப்புகள், மில்லுக்கு மெஷின் சர்வீஸ் செய்ய வருபவர்கள், பேங்க் ஆடிட்டுக்கு வருபவர்கள், மறுநாள் காலை தேர்வு எழுத முந்தின இரவே வந்து தங்கும் பிள்ளைகள். முகூர்த்த நாளும் திருவிழாவும் இல்லாத சாதாரண செவ்வாய், புதனில் உங்கள் அறைகளை நிரப்புகிறவர்கள் நாங்கள்தான். எங்கள் பையைத் திறந்து பார்த்தால் மாற்றுத்துணிக்கு முன்னால் லேப்டாப்தான் இருக்கும். தங்கும் அறையில் அதை விரித்து உட்கார இடம் கேட்பது சொகுசு கேட்பதாகாது.

ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதி எங்களுக்கு எப்படிப்பட்ட நாள் என்று உங்கள் சொந்தக் கணக்குப்பிள்ளையைக் கேளுங்கள், சொல்வார். மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர் 3பி என்ற ஜிஎஸ்டி கணக்குப் படிவத்தின் கடைசி நாள் அது. நீங்களும் அதைத் தாக்கல் செய்கிறவர்கள்தானே. ஒரு நாள் தள்ளினால் 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. தொடர்ந்து இரண்டு மாதம் விட்டுப்போனால் சரக்கை ஏற்றி அனுப்பத் தேவையான இ-வே பில் எடுக்க முடியாது, சரக்கு குடோனை விட்டு நகராது. அந்த இரவில் ஜிஎஸ்டி இணையதளமே மெதுவாகத்தான் நகரும். அதற்கு நடுவில் லாட்ஜ் வைஃபையும் விட்டு விட்டு வந்தால் என்ன ஆகும் தெரியுமா? செலான் போட்டு, நெட் பேங்கிங்கில் பணம் கட்டும் நேரத்தில் இணைப்பு போகும். வங்கிக் கணக்கில் பணம் கழிந்திருக்கும், வரித்தளத்தில் அவருடைய வரிப்பணக் கணக்கான கேஷ் லெட்ஜரில் ஏறியிருக்காது. அப்படி நடுவில் நின்றுபோன பணத்தைப் பற்றிப் புகார் செய்யவென்றே பிஎம்டி 07 என்று ஒரு படிவம் இருக்கிறது. கட்சிக்காரர் போன் போட்டு, “பணம் போயிடுச்சும்மா, ரிட்டர்ன் போகலையா?” என்று கேட்கும்போது, லாட்ஜில் சிக்னல் இல்லை என்று நான் சொன்னால் அது அவருக்குச் சமாதானமாகுமா?

சரி, சிக்னல் விஷயத்துக்கே வருகிறேன். என் மனக்குறையில் பெரியது அதுதான்.

வாசல் போர்டில் “இலவச வைஃபை” என்று எழுதியிருக்கும். புக்கிங் செயலியிலும் பச்சை நிறத்தில் டிக் போட்டிருக்கும். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் ஒரு கோடுகூடக் காட்டாது. ரிசப்ஷனுக்குப் போன் செய்தால் எல்லா ஊரிலும் ஒரே பதில்தான் வரும்: “கீழ வந்து உக்காந்துக்கங்க மேடம், இங்க நல்லா எடுக்கும்.” இந்தப் பதிலை ஒரு பெண்ணின் இடத்தில் நின்று கேட்டுப் பாருங்கள். இரவு பத்தரை மணி. ரிசப்ஷன் சோபாவில் நான் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறேன். எதிரே டிவியில் கிரிக்கெட் ஓடுகிறது. பஸ்ஸை விட்டு இறங்கி அறை கேட்டு வருகிறவர்கள், பார் முடிந்து திரும்புகிறவர்கள், சும்மா நின்று பேசுகிறவர்கள். ஒவ்வொருவராக ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். என் திரையில் இன்னொருவருடைய வங்கிக் கணக்கு திறந்திருக்கிறது. சோபாவுக்குப் பின்னால் யாராவது வந்து நின்றால் திரையை மடக்குகிறேன், போனதும் திறக்கிறேன். பதினொரு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, “இன்னும் எவ்வளவு நேரம் மேடம்?” என்று கேட்கிறார்கள். நான் வாடகை கொடுத்தது பூட்டிக்கொள்ளக்கூடிய ஒரு அறைக்கு. அந்த அறையை விட்டு வெளியே வந்து உட்கார்ந்தால்தான் என் வேலை நடக்கும் என்றால், அறை எனக்கு எதற்கு?

இன்னொரு லாட்ஜில் ரூம் பாய் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தபோது நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் நிற்பதைப் பார்த்துவிட்டு, “அக்கா, மூணாவது மாடி படிக்கட்டு முக்குல நல்லா எடுக்கும், எல்லாரும் அங்கதான் போய் உக்காருவாங்க” என்றார். போய்ப் பார்த்தேன். ஏற்கெனவே இரண்டு பேர் படியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் காதில் ஹெட்போனோடு மீட்டிங்கில் இருந்தார், இன்னொருவர் காலுக்கடியில் செய்தித்தாளை விரித்துப்போட்டு எக்செல் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த அறையில் கிடைக்கும், எந்த அறையில் கிடைக்காது, எந்த மூலையில் எத்தனை கோடு காட்டும் என்று அந்தத் தம்பிக்கு மனப்பாடமாகத் தெரிகிறது. உரிமையாளராகிய உங்களுக்கு அது தெரியுமா என்று மரியாதையோடு கேட்கிறேன்.

ஏன் எடுக்கவில்லை என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. பெரும்பாலான லாட்ஜில் ஒரே ஒரு ரவுட்டர்தான், அது ரிசப்ஷனில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கிருந்து நான்கு மாடி ஏற வேண்டும். நடுவில் கான்கிரீட் தளம், லிஃப்டின் இரும்புக் கூண்டு, பாத்ரூம் டைல்ஸ், சுவரளவுக் கண்ணாடி. வைஃபைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் பொதுவாக உண்டு. 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் பலவீனமானது. 2.4 சுவரைக் கொஞ்சம் தாண்டும், ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி லாட்ஜும் கடையுமாக நெருங்கிக் கிடக்கும் இடத்தில் எல்லா ரவுட்டரும் அந்த மூன்றுக்குள் முட்டி மோதுகின்றன. நீங்கள் 100 எம்பிபிஎஸ் பிளான் எடுத்து மாதாமாதம் பணம் கட்டலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வேகம் உங்கள் ரிசப்ஷன் மேசையோடு நின்றுவிடுகிறது. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் நிறைந்திருக்கிறது, மாடிக்குக் குழாய் போடவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு கேபிளை இழுத்து, நடைபாதைக் கூரையில் அந்த மாடிக்கென்று வைஃபை வீசும் ஆக்சஸ் பாயின்ட் ஒன்று வைத்தால் பெரும்பாலான அறைகளுக்குப் போய்ச் சேரும். நீளமான மாடியானால் இரண்டு. சிசிடிவி கேமராவுக்கு எல்லா மாடிக்கும் கேபிள் இழுத்திருக்கிறீர்களே, அதே வழியில் இதையும் இழுக்கலாம். சிக்னலை வாங்கி மறுபடி வீசும் ரிப்பீட்டர் பெட்டியைச் சுவரில் சொருகிவிட்டுச் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். சாதாரண ரிப்பீட்டர் கோடுகளைக் கூட்டிக் காட்டும், வேகத்தைப் பாதியாக்கிவிடும்.

“போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுக்கலாமே” என்பீர்கள். போட்டுக்கொண்டுதான் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறோம். ஆனால் நீங்கள் எங்களுக்குக் கொடுக்கும் ஒற்றை அறைகளில் பாதி, கட்டடத்தின் நடுவில், ஜன்னல் இல்லாமல், ஏர் ஷாஃப்டைப் பார்த்தபடி இருக்கின்றன. அங்கே செல்போன் சிக்னலும் நுழைவதில்லை. வங்கியிலிருந்து வரும் ஓடிபிகூட ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால்தான் வந்து சேரும் அறைகளில் தங்கியிருக்கிறேன்.

ஹாட்ஸ்பாட் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒரு பெரிய ஓட்டல், தன் மாநாட்டு அரங்கில் விருந்தினர்கள் சொந்த ஹாட்ஸ்பாட் போடுவதைக் கருவி வைத்துத் தடுத்தது. தன்னுடைய வைஃபைக்கு ஒரு கருவிக்கு 1,000 டாலர் வரை வாங்கவும் செய்தது. அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் விசாரித்து 2014இல் 6,00,000 டாலர் அபராதம் கட்ட வைத்தது. இங்கே யாரும் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் இணைப்பு என்பது விருந்தினரின் தேவை என்பதை மறந்து, அதைத் தனியாக விற்று வாங்கும் காசாகப் பார்க்கத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு அது ஒரு சாட்சி. ஒரு அறைக்கு ஒரு செல்போன் என்று நீங்கள் போடும் கட்டுப்பாட்டை நான் அதன் முதல் படியாகப் பார்க்கிறேன்.

அந்தக் கட்டுப்பாட்டுக்கு மேனேஜர் சொன்ன காரணம், “போலீஸ் ரூல் மேடம்” என்பது. எனக்குத் தெரிந்து அப்படி ஒரு விதி இல்லை. இருக்கும் விதி வேறு. 2008இல் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன்னால் போன மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவர் வீட்டின் பூட்டாத வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. அடுத்த வருடம், 2009இல், தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. பொது இடத்தில் வைஃபை கொடுத்தால், பயன்படுத்துபவர் யார் என்று செல்போன் எண் வழியாகவோ அடையாள அட்டை வழியாகவோ உறுதி செய்து, அந்தப் பதிவை ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று. அதாவது ஆளை அடையாளம் காணச் சொல்கிறது. ஒருவர் எத்தனை கருவியில் வேலை செய்யலாம் என்பதைப் பற்றி அது பேசவே இல்லை. நான் அறை எடுக்கும்போதே ஆதார் நகல், செல்போன் எண், வந்த காரியம் எல்லாம் ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். அந்த ஒரே ஆள்தான் செல்போனையும் லேப்டாப்பையும் வைத்திருக்கிறாள்.

ஆனால் உண்மையில் நடப்பது என்ன? அந்த உத்தரவு கேட்பதற்கு நேர்மாறாக, லாட்ஜ் முழுவதற்கும் ஒரே பாஸ்வேர்டு. லாட்ஜின் பெயரும் 123யும். ரிசப்ஷன் சுவரில் அச்சடித்து ஒட்டியிருக்கும். போன வருடம் தங்கியவருக்கும் தெரியும், எதிரில் டீக்கடையில் நிற்பவருக்கும் தெரியும். அந்த இணைப்பில் யாராவது குற்றம் செய்தால் போலீஸ் முதலில் வந்து நிற்கப்போவது உங்கள் வாசலில்தான். எனக்கும் ஆபத்து இருக்கிறது. ஓட்டல் வைஃபையையே வலையாக விரித்து, அங்கே தங்கும் தொழில் நிர்வாகிகளின் கம்ப்யூட்டரில் புகுந்த டார்க் ஹோட்டல் என்ற கும்பலைப் பற்றி 2014 நவம்பரில் காஸ்பர்ஸ்கை நிறுவனம் விரிவாக வெளியிட்டது. வைஃபையில் நுழைந்ததும் ஒரு மென்பொருளுக்கு அப்டேட் வந்திருக்கிறது என்று பொய்யாகக் காட்டி, சொடுக்கியதும் உள்ளே இறங்கிவிடும். ஆசிய நாட்டு ஓட்டல்களில்தான் அது அதிகம் நடந்தது. 2020இல் அமெரிக்காவின் எஃப்பிஐயும் ஓட்டல் வைஃபையில் அலுவலக வேலை செய்பவர்களை எச்சரித்தது. என் லேப்டாப்பில் இருப்பது என் கட்சிக்காரர்களின் பான் எண், வங்கி எண், விற்றுமுதல். என்னை நம்பிக் கொடுத்தவை. போகும் தகவலைப் பூட்டி அனுப்பும் விபிஎன் மென்பொருளைப் போடாமல் எந்த லாட்ஜ் வைஃபையிலும் நான் வேலை செய்வதில்லை. ஆனால் என்னோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு விருந்தினரின் கருவி இன்னொருவர் கருவியைப் பார்க்க முடியாதபடி தடுக்கும் அமைப்பு பல ரவுட்டர்களில் உள்ளேயே இருக்கிறது. உங்களுக்கு இணைப்பு கொடுத்த ஆளைக் கூப்பிட்டுச் சொன்னால் பத்து நிமிட வேலை. உங்கள் பில்லிங் கம்ப்யூட்டரும் கேமராவும் விருந்தினர் வைஃபையோடு ஒரே வலையில் கிடக்கும் லாட்ஜ்களும் உண்டு. அது உங்களுக்கே ஆபத்து.

ஓடிபி வைத்துத் திறக்கும் முறையைப் போட்டிருக்கும் நல்ல ஓட்டல்களிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஓடிபி பெரும்பாலும் இந்திய எண்ணுக்குத்தான் வரும். யாழ்ப்பாணத்திலிருந்தும் மலேசியா, சிங்கப்பூரிலிருந்தும் கோயிலுக்கும் வைத்தியத்துக்கும் நம் ஊருக்கு வருபவர்கள் எத்தனை பேர். கையில் அந்த நாட்டு சிம்மோடு, வீட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்ப முடியாமல், ரிசப்ஷனில் நின்று கெஞ்சும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிவு செய்கிறீர்கள். அதை வைத்தே ஒரு கூப்பன் எண் அடித்துக் கொடுக்க என்ன தடை?

இனி அந்த நூறு ரூபாய்.

லேப்டாப் சார்ஜர் பெரும்பாலும் 65 வாட். ஐந்து மணி நேரம் முழு வேகத்தில் இழுத்தாலும் ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் மூன்று ரூபாய் சொச்சம். 2,000 வாட் கீசரைப் பத்து நிமிடம் போட்டால் அதே அளவு மின்சாரம் ஆகிறது. சுடுதண்ணீருக்குத் தனிக் கட்டணம் கேட்கிறீர்களா? இல்லையே. பிறகு எதற்கு லேப்டாப்புக்கு?

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம் என்பதில் உள்ள பயம் எனக்குப் புரிகிறது. மட்டமான பாக்ஸில் அயர்ன் பாக்ஸையும் கெட்டிலையும் சேர்த்துச் சொருகினால் ஒயர் உருகித் தீப்பிடிக்கும். அந்தத் தடையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் நாங்கள் ஏன் அந்தப் பாக்ஸைச் சுமந்துகொண்டு வருகிறோம் என்று யோசியுங்கள். பழைய அறையில் ஒரு சின்ன மேசை, ஒரு நாற்காலி, மேசைக்கு மேலே ஒரு பிளக் பாயின்ட் இருந்தது. புதுப்பித்தபோது மூன்றையும் எடுத்துவிட்டார்கள். அந்தச் சுவர் முழுக்கப் பலகை அடித்து, பெரிய டிவி மாட்டி, கட்டிலுக்குப் பின்னால் நீல விளக்கு ஓட விட்டிருக்கிறார்கள். மிச்சமிருக்கும் ஒரே பிளக் பாயின்ட் டிவிக்குப் பின்னால், என் தலைக்கு மேல். டிவியின் பிளக்கைக் கழற்றிவிட்டு அதில் சார்ஜரைச் சொருகினால் அந்தக் கனமான அடாப்டர் அந்தரத்தில் தொங்குகிறது. ஒயர் கட்டிலை எட்டுவதில்லை. தரையில் சுவரோரமாக உட்கார்ந்து, தலையணையை மடியில் வைத்து வேலை செய்தேன். முதுகுவலியோடுதான் மறுநாள் கட்சிக்காரர் கடைக்குப் போனேன். சுவரில் மேசைக்கு அருகே இரண்டு நல்ல பாயின்ட் இருந்தால் ஒருவரும் பாக்ஸ் கொண்டுவர மாட்டார்கள்.

எர்த்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. மூன்று ஓட்டை உள்ள பிளக் பாயின்டில் மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்குப் பின்னால் எர்த் கம்பி இருக்க வேண்டும். பல பழைய லாட்ஜ்களில் ஓட்டை இருக்கிறது, கம்பி இல்லை. அலுமினிய உடல் கொண்ட லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுக்கொண்டு மணிக்கட்டை அதன்மேல் வைத்தால் சுரீர் சுரீர் என்று ஊசி குத்துவது போல இருக்கும். வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்றால் இன்னும் கூடும். சார்ஜருக்குள் இருக்கும் சிறு கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் மின்சாரம் எர்த்தில் இறங்க வழியில்லாமல் நம் உடம்பு வழியாக இறங்குவதுதான் அது. லேப்டாப்பில் அது வெறும் சுரீர்தான். ஆனால் அதே பாயின்டில் அடிபட்ட கெட்டிலையோ அயர்ன் பாக்ஸையோ ஒருவர் சொருகினால் என்ன நடக்கும் என்பதை உங்கள் எலக்ட்ரீஷியன் சொல்வார். என் லேப்டாப் உங்களுக்குச் சொல்லும் எச்சரிக்கையாக அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஃபேனும் ஒரு விளக்கும் மட்டும் எரிகின்றன, பிளக் பாயின்டை அந்த லைனில் சேர்ப்பதில்லை. 65 வாட் சார்ஜரை ஜெனரேட்டர் தாங்கும். அப்புறம், புது ஓட்டல்களில் கதவோரம் கார்டு சொருகினால்தான் அறைக்கு மின்சாரம். சாப்பிடக் கீழே போகும்போது கார்டை எடுத்தால் சார்ஜும் நின்றுவிடுகிறது. ஏசியும் விளக்கும் நிற்கட்டும், அது நியாயமான சிக்கனம். ஒரு பிளக் பாயின்டை மட்டும் அதிலிருந்து விலக்கி வைக்க ஒயரிங் செய்யும்போதே சொன்னால் போதும்.

உங்கள் பக்கத்துச் சிரமத்தையும் நான் அறிவேன், கணக்கு பார்ப்பவள் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே அறிவேன். 2022 ஜூலை 18 முதல் 1,000 ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கும் 12 சதவீத ஜிஎஸ்டி வந்தது. சின்ன லாட்ஜ்களுக்கு அது அடி. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5 சதவீதமாகக் குறைந்தது, ஆனால் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை போய்விட்டது. பிராட்பேண்ட் பில்லுக்கும் ஒயரிங் சாமானுக்கும் நீங்கள் கட்டும் வரி இப்போது உங்கள் செலவுதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. மாடி மாடியாகச் செய்யுங்கள். அதற்காக அறை வாடகையில் ஒரு நியாயமான தொகையைக் கூட்டினால்கூட நான் கொடுப்பேன், என்னைப் போன்றவர்கள் கொடுப்பார்கள். வாசலில் இலவசம் என்று எழுதிவிட்டு, கதவுக்குப் பின்னால் கட்டணம் ஒட்டுவதைத்தான் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இல்லாத வசதியை உண்டு என்று விளம்பரம் செய்வது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரம் என்பதையும் நினைவுபடுத்துகிறேன்.

நாட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ரயில் நிலையங்களில் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து முதல் அரை மணி நேரம் காசில்லாமல் வைஃபை பயன்படுத்த முடிகிறது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம் வாணி என்ற பொது வைஃபை திட்டத்தில், ஒரு டீக்கடைக்காரர்கூட உரிமமோ பதிவுக் கட்டணமோ இல்லாமல் வைஃபை கொடுக்கலாம். ஆளை உறுதி செய்யும் வேலையை அந்தத் திட்டத்தில் சேர்ந்துள்ள செயலிகளே பார்த்துக்கொள்ளும். தனியாக மென்பொருள் வாங்க வசதியில்லாத சின்ன லாட்ஜ் உரிமையாளர்கள் இந்த வழியைக் கேட்டுப் பார்க்கலாம். டீக்கடையில் முடிவது நாற்பது அறை லாட்ஜில் முடியாது என்று சொல்வதை நான் எப்படி நம்புவது?

உங்களிடம் நான் கேட்பவை இவை.

லேப்டாப் சார்ஜுக்குத் தனிக்கட்டணம் என்ற அறிவிப்பை எந்த ஊரில் ஒட்டியிருந்தாலும் உடனே எடுங்கள். ஒரு அறைக்கு ஒரு செல்போன் என்ற கட்டுப்பாட்டையும் எடுங்கள். தங்கும் ஒவ்வொருவருக்கும் குறைந்தது இரண்டு கருவிக்கு அனுமதி கொடுங்கள்.

இனிப் புதுப்பிக்கும் எந்த அறையிலும் மேசையையும் நாற்காலியையும் எடுக்காதீர்கள். எடுத்துவிட்ட அறைகளில், சுவரோடு மடக்கும் பலகையாவது போட்டுக் கொடுங்கள். அதன் அருகே உண்மையான எர்த்தோடு இரண்டு பிளக் பாயின்ட் வேண்டும், அவை ஜெனரேட்டர் லைனில் இருக்க வேண்டும். இருக்கும் எல்லா அறைகளின் எர்த்தையும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். இதில் தவணை வேண்டாம், இதை முதலில் செய்யுங்கள்.

மாடிக்கு ஒரு ஆக்சஸ் பாயின்ட் என்பதைக் குறைந்தபட்ச அளவாகச் சங்கத்தில் தீர்மானியுங்கள். ஒவ்வொரு அறையிலும் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து வேகத்தை அளந்து பாருங்கள். எடுக்காத அறை என்றால் அறை கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், வேண்டுமா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். தனியாக வரும் பெண்களுக்கு, அவர்கள் கேட்டால், சிக்னல் கிடைக்கும் அறையை முதலில் ஒதுக்குங்கள். “கீழே வந்து உட்காருங்கள்” என்ற பதிலை இனி எந்த ஊழியரும் சொல்ல வேண்டாம்.

சுவரில் ஒட்டிய பொதுப் பாஸ்வேர்டைக் கைவிட்டு, ஆளுக்கு ஒரு எண் கொடுங்கள். வெளிநாட்டு எண் வைத்திருப்பவர்களுக்கு ரிசப்ஷனிலேயே கூப்பன் கொடுங்கள். விருந்தினர் வைஃபையை உங்கள் அலுவலக வலையிலிருந்து பிரித்து, ஒருவர் கருவி மற்றவருக்குத் தெரியாதபடி அமைக்கச் சொல்லுங்கள்.

சங்க நிர்வாகிகள் இந்த மடலை அடுத்த கூட்டத்தில் வைத்து, எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை ஏற்கவில்லை, எப்போதுக்குள் செய்வீர்கள் என்பதை எழுத்தில் அறிவியுங்கள். வாய்மொழியாக மேனேஜர்கள் சொல்லும் பதில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஊர் ஊராகப் போய் வரிக்கணக்கு பார்க்கும், உங்கள் அறைகளில் தங்கும் ஒருத்தி
மதுரை